ஒரு மடக்கு மழை

முதல் மடக்கு உள்ளே இறங்கிய பிறகுதான் அந்த இளைஞனுக்குக் கேள்வியே வந்தது.

“சார்... இந்த டீக்குத் தண்ணி எங்கேருந்து எடுத்தீங்க?”

“ஏன் தம்பி, ருசி மாறுதா?” என்றார் அப்பா.

“இல்ல... அந்த வேலிக்குள்ள ஒரு உருளை நிக்குதே, மேல புனல் வச்சது... அதுக்குள்ள ஒரு பாட்டில் இருக்கும். ராத்திரி பெஞ்ச மழைக்கு நிறைஞ்சிருக்கணும். வந்து பார்த்தா காலி. அதைக் கேக்கத்தான் வந்தேன். வாயைத் திறக்கறதுக்குள்ள கப்பைக் கையில குடுத்துட்டீங்க.”

“அதுவா! அதேதான். எங்க டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்ல. இது கண்ணாடி மாதிரி இருந்துச்சு. மூணு கப் டீ போட்டேன், முகம் கழுவினேன், மிச்சத்துல தக்காளியைக் கழுவிட்டேன்.”

அவன் கையிலிருந்த கோப்பையைக் குனிந்து பார்த்தான். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். எட்டு முப்பத்தாறு.

பக்கத்தில் நின்ற வண்டியின் படியில் உட்கார்ந்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த மகள் அப்போதுதான் நிமிர்ந்தாள். அவன் உடம்பில் பச்சை மழைக்கோட்டு. அக்குளில் இடுக்கிய நீளப் பதிவேடு. மழை நின்றும் நிற்காத அந்தக் காலை வெளிச்சத்தில், அவன் கண்கள் மட்டும் தூங்கவே தூங்காதவை போலத் தெளிவாக இருந்தன. நல்ல கண்கள் என்று அவள் நினைத்த அதே நொடியில் அவன் கத்தினான்.

“மழைமானி சார் அது! ஒன்பது வருஷமா ஒரு நாள் விடாம அளக்கறேன். வேலியில பலகை இருக்கு, தொடாதீங்கன்னு எழுதியிருக்கு. உங்களுக்கென்ன கண்ணு தெரியலையா?”

அப்பா சிரித்தார். எதற்கும் சிரிக்கிற சிரிப்பு. “ஹி... ஹி... பார்க்கல தம்பி...”

அவளால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

“ஆமா, தெரியாது!” துண்டு அவள் கையிலிருந்து நழுவியது. “நடுவுல எதுவும் தெரியாது அவருக்கு. ஓரத்துல மட்டும்தான் தெரியும். இன்னும் கொஞ்ச மாசத்துல அதுவும் தெரியாது. போதுமா?”

மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன.

அப்பாவின் முகம் அவள் பக்கம் திரும்பியது. உடனே சற்று விலகி, அவளுடைய தோளுக்கு அப்பால் எதையோ பார்ப்பதுபோல நின்றது. அவளை நன்றாகப் பார்க்கவேண்டுமானால் அவர் இப்போதெல்லாம் அப்படித்தான் வேறு பக்கம் திரும்பவேண்டியிருந்தது.

“உனக்கு... தெரியுமா பாப்பா?” என்றார்.

*

முப்பத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவர் அப்பா. ஓய்வு பெற்றதும் ஒரு பழைய மினி பஸ்ஸை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, மடக்கு மேசை எல்லாம் வைத்து வீடாக்கினார். கோடை முழுக்க மலையில். ஊர் ஊராக ஜனங்களை இறக்கிவிட்டுத் திரும்பியவர், ஒருமுறையாவது தானும் இறங்கிப் பார்க்கவேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் உச்சியில் மேல் ஏரி. அதுதான் கடைசி நிறுத்தம்.

கிளம்பும் நாளில் சாவியை அவள் கையில் கொடுத்தார். “நீ ஓட்டிப் பழகணுமே!”

“ஆமாப்பா, எனக்கும் ஆசை” என்றாள் அவள். வண்டியின் காகிதங்களுக்கு நடுவே கண் மருத்துவரின் சீட்டை வண்டி வாங்கிய முதல் வாரமே அவள் பார்த்துவிட்டிருந்தாள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். சீட்டில் இருந்த சொற்களுக்குப் பொருள் தேட அவளுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்தாள். அவர் மறைத்தார்... இவள் தனக்குத் தெரியும் என்பதை மறைத்தாள். இரண்டு மாதம் அப்படியே மலை ஏறினார்கள்.

அதை ஒரு அந்நியன் முன்னால், ஒரு கோப்பை டீக்காக, அவளே போட்டு உடைத்துவிட்டாள். அவன்மேல் வந்த கோபத்தில் பாதி தன்மேல்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததாலேயே முழுவதையும் அவன் தலையில் இறக்கினாள்.

போதாக்குறைக்குப் பாதையும் மூடிக்கொண்டது.

மேல் ஏரிக்குப் போகிற வழியில் ஒரு செம்மண் சரிவு. மூன்று நாள் மழையைக் கூட்டிப் பார்த்துத்தான் கீழே அலுவலகத்தில் பாதையைத் திறப்பார்கள். ஒரு நாள் அளவு விட்டுப்போனால் கூட்டல் கிடையாது. மறுபடி முதலிலிருந்து மூன்று நாள்.

“நம்ம டீயே நம்மளை மறிச்சிருச்சு பாரு” என்றார் அப்பா. பிறகு நாள் முழுக்க மடக்கு மேசையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். மூன்று நாள். பார்வையை நாள் கணக்கில் வைத்திருக்கிறவருக்கு மூன்று நாள்.

மத்தியானம் பாத்திரம் கழுவப் போனபோதுதான் அவள் குக்கரைக் கவனித்தாள். தண்ணீர் பிடிக்கட்டும் என்று ராத்திரி வெளியே வைத்திருந்தாள். ஸ்டீல் ஸ்கேலை உள்ளே விட்டுப் பார்த்தாள். பிறகு குக்கரோடு விடுவிடுவென்று வேலிக்குப் பக்கத்திலிருந்த அவன் அறைக்கு நடந்தாள்.

ஒரே அறை. மேசை, தொலைபேசி, ஒரு கட்டில், ஆணியில் தொங்கும் இரண்டு மழைக்கோட்டுகள். ஜன்னல் ஓரத்தில் உயரவாரியாக அடுக்கிய பென்சில்கள். ஒரு சுவர் முழுக்கப் பதிவேடுகள்.

“பக்கம் நேரா இருக்கற பாத்திரம்” என்றாள் மொட்டையாக. “வாயும் அடியும் ஒரே அகலம். அப்போ தண்ணியோட உயரம்தான் மழையோட உயரம். அறுபத்தொண்ணு மில்லிமீட்டர். எழுதிக்கோங்க. பாதையைத் திறக்கச் சொல்லுங்க.”

அவன் எழுந்து நின்றான். குக்கருக்குள் எட்டிப் பார்த்தான். சிரிக்கவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்ததே என்று எரிச்சலாகவும் இருந்தது.

“நீங்க சொல்றது சரிதான் மேடம். ஆனா உங்க வண்டிக் கூரையிலேருந்து இதுக்குள்ள எவ்வளவு தெறிச்சுது? மரத்துலேருந்து எவ்வளவு சொட்டிச்சு?”

அவள் குக்கருக்குள் மறுபடி எட்டிப் பார்த்தாள்.

“குக்கர்ல அளந்த மழையை நான் எழுத மாட்டேன்.”

“அப்போ விசில் வர்ற வரைக்கும் உக்காந்திருங்க!” என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். சொன்னது தானா என்று அவளுக்கே ஆச்சரியம். பரிசோதனைக் கூடத்தில் அவள் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி யாரும் கேட்டதில்லை.

“மேடம்... காலையில நான் பேசினது...”

அவள் நிற்கவில்லை.

*

மறுநாள் எட்டு இருபதுக்கு அப்பாவைப் படுக்கையில் காணோம். வேலியருகே அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். காலை நடைக்குத் துணை கிடைத்துவிட்டதாம்.

“வா பாப்பா! மில்லிமீட்டர் தம்பி அளக்கப்போறாராம்.”

பெயர் வைத்தாயிற்று. அவள் தயங்கித் தயங்கித்தான் போனாள். அவன் பாட்டிலை எடுத்துக் கண்ணாடி அளவையில் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினான். தட்டையான ஒரு கல்லின்மேல் வைத்தான். ஈரப் புல்லில் மண்டியிட்டான்.

“தண்ணி மட்டத்துக்குக் கண் இறங்கணும்” என்றான் அப்பாவிடம். “மேலேருந்து பார்த்தா ஒண்ணு சொல்லும், கீழேருந்து பார்த்தா ஒண்ணு சொல்லும்.”

“ஓரத்துல ஏறி நடுவுல குழிஞ்சிருக்கும். குழியோட அடியைப் படிக்கணும்” என்றாள் அவள், தன்னையறியாமல்.

அவன் திரும்பினான். “அப்போ நீங்களே படிங்க. ரெண்டு பேர் படிச்சா நல்லது.”

கல்லுக்கு அந்தப் பக்கம் அவளும் மண்டியிட்டாள். குளிர் முழங்காலில் ஏறியது. முகத்தை இறக்கினாள்... இன்னும் கொஞ்சம்... தண்ணீர் கோடாகி, கோடு நூலாகி, நூலுக்கு அப்பால் இரண்டு கண்கள். நேற்றைய மழை வழியாக அவளையே பார்த்துக்கொண்டு. கண்ணாடியின் வளைவில் அவை சற்றுப் பெரிதாகத் தெரிந்தன. அவள் எண்ணைப் படிக்க மறந்தாள்.

“பன்னிரண்டு புள்ளி நாலு” என்றான் அவன். குரல் லேசாகக் கரகரத்தது.

“ம்... நாலுதான்” என்றாள். பார்த்தாளா என்ன!

அப்பா தேநீர் போடக் கிளம்பினார். இந்த முறை ஓடைத் தண்ணீர்.

அவன் எண்ணைத் தொலைபேசியில் கீழே சொல்லிவிட்டு வந்தான். வேலிக் கம்பத்தில் கை வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் பேசினான்.

“எனக்கு முன்னாடி இங்க இருந்தவரு ஒரு நாள் சோம்பல்பட்டு, குத்துமதிப்பா ஒரு எண்ணைச் சொல்லிட்டாரு. பாதையைத் திறந்துட்டாங்க. அன்னிக்குச் சரிவு இறங்குச்சு. அடியில ஒரு காய்கறி லாரி.”

“ஐயோ...”

“எங்க அண்ணன் ஓட்டின லாரி. அதுக்கப்புறம் இந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கிட்டேன். ஒன்பது வருஷமா காலை எட்டரைக்கு நான் இந்த வேலிக்குள்ள இல்லாத நாள் கிடையாது. அந்தப் பதிவேட்டுல ஒரு அடித்தல் கிடையாது.” கொஞ்சம் நிறுத்தினான். “அதுக்காக அவரைப் பார்த்து அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வார்த்தையை விட்டுட்டேன்.”

மன்னித்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு ஆசைதான். நாக்கு எழவில்லை. சொல்லிவிட்டால் அடுத்து தன்னிடமே வந்து நிற்கவேண்டும். அவன் தெரியாமல் சொன்னான். அவள் தெரிந்தே சொன்னாள்.

“எங்கப்பாகிட்ட சொல்லுங்க” என்றாள். நடந்துவிட்டாள்.

*

மூன்றாம் நாள் பத்தொன்பது மில்லிமீட்டர். அளந்து முடித்ததும் அவன் அறையிலிருந்து ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். வேலியில் இருந்த பழைய பலகைதான். கறுப்பு அடித்து, மஞ்சளில் உள்ளங்கை உயரத்துக்கு எழுத்துகள்.

“ஐயா, ஒரு உதவி வேணும்” என்றான். இப்போது சார் போய் ஐயா வந்திருந்தது. “இது எத்தனை அடியிலேருந்து படிக்க முடியுதுன்னு பார்க்கணும். பழைய எழுத்து மங்கிப்போச்சு. எனக்கு மனப்பாடம், அதனால மங்கினது தெரியல. இதை அளந்து சொல்ல இங்க உங்களை விட்டா ஆள் இல்ல.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்ன சார் இது...”

“இரு பாப்பா” என்றார் அப்பா.

கோப்பையைக் கீழே வைத்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். வண்டி எடுக்கப் போகிறவரைப் போல நிமிர்ந்து நடந்து, மைதானத்தின் கோடியில் போய் நின்றார்.

“இங்கேருந்து பலகையே தெரியல தம்பி.”

“வாங்க.”

நடந்தார். “ஏதோ மஞ்சளா இருக்கு.”

“வாங்கய்யா.”

நடந்தார்... நின்றார்... நடந்தார். அவன் அவசரப்படுத்தவில்லை. இரக்கப்படவும் இல்லை. தண்ணீர் அளக்கும்போது எப்படி நிற்பானோ அப்படி நின்றான். அவள் அவருடைய அடிகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். பலகைக்கு எதிரில் வந்ததும் அப்பா முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினார். தூரத்து மரத்தைப் பார்ப்பவர் போல நின்றுகொண்டு, எழுத்துக் கூட்டினார்.

“மழை...மானி. தொடா...தீர்.”

“நாலு அடி” என்றான் அவன்.

“எழுதிக்கோ தம்பி. நாலு.” அப்பா பலகையைத் தட்டினார். “கூட்டத்துல கை காட்டறவன் முகத்தை நூறு அடியிலேருந்து பார்த்து பிரேக் போட்டவன் நான். இப்போ நாலு. இருக்கறது நாலுன்னா நாலுதானே. நாப்பதுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா யார் மேலயாவது ஏத்திடுவேன்.”

பிறகு அவள் பக்கம் வந்தார். அவளுடைய காதுக்கு அப்பால் எங்கோ பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“அந்தச் சீட்டை எப்போ பார்த்தே?”

“வண்டி வாங்கின முதல் வாரமே...”

“அடிப்பாவி! நான் உன்னை ஏமாத்தறதா நினைச்சு எவ்வளவு சந்தோஷமா இருந்தேன்!”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. “அன்னிக்கு அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுப்பா... உங்க முன்னாடி... வெளியாள் முன்னாடி...”

“கத்தினதுதான் நல்லதாப் போச்சு. ரெண்டு மாசமா ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டே மலையேறினோம்.”

அவன் ஓசைப்படாமல் பலகையை எடுத்துக்கொண்டு போய் வேலியில் மாட்டினான். ஒரே ஆணியை வெகுநேரம் அடித்தான். அவர்கள் இருவரும் அழுது முடிக்கட்டும் என்று அடித்தான் என்பது அவளுக்குப் பிறகுதான் புரிந்தது.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வண்டிக் கூரையில் அது கொட்டுகிற சத்தத்தில் அப்பா படுத்தபடியே பேசினார்.

“நல்ல பையன்.”

“யாரு?”

“யாரா? இந்த மலையில இன்னும் எத்தனை பையன் இருக்கான்?”

“அப்பா... எனக்கு அதெல்லாம் வேண்டாம். உங்களைப் பார்த்துக்கணும். இனிமே நான்தானே உங்களுக்கு...”

அவர் எழுந்து உட்கார்ந்தார். அவள் இதுவரை கேட்டிராத ஒரு கண்டிப்பு குரலில் இருந்தது.

“இந்தா பாரு. என்னைச் சாக்கு வச்சுக்கிட்டு நீ எதுலேருந்தும் ஓடக் கூடாது. நான் லக்கேஜ் இல்ல, தூக்கிக்கிட்டு அலையறதுக்கு. நானும் பயணிதான். என் டிக்கெட் என்கிட்ட இருக்கு.”

அவள் ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் மழை வழிந்தது. அதற்கு அப்பால் ஒரு பச்சைக் கோட்டு, புனலில் விழுந்த இலையைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தது. இத்தனை சின்ன வேலையை இத்தனை பொறுப்பாகச் செய்கிற ஒருவன்... அவன் கையில் எதைக் கொடுத்தாலும் சிந்தாது.

*

நான்காம் நாள் வானம் கழுவி விட்டது போல இருந்தது. மூன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர். இருவரும் கல்லுக்கு இரு பக்கமும் மண்டியிட்டுப் படித்தார்கள். இந்த முறை அவள் எண்ணையும் பார்த்தாள்... கண்களையும் பார்த்தாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு அவன் சொன்னான். “பாதை திறந்தாச்சு. பத்து மணிக்கு நீங்க போகலாம்.”

போகலாம். அதற்காகத்தானே அவள் குக்கரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்? இப்போது அந்தச் சொல் ஆறிப்போன சோறு போல இருந்தது.

“ஒரு நிமிஷம்... உள்ள வாங்க.” அவன் பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பினான். வரிசை வரிசையாக எண்கள். ஒன்பது வருடத்தின் ஒரே வெற்றுக் கட்டம். அதற்கு எதிரே குறிப்புப் பத்தியில் ‘பயணி தவறு’ என்று எழுதியிருந்தது. அந்தச் சொற்களின்மேல் ஒரு கோடு. ஓரத்தில் சிறிய கையெழுத்து. கீழே, அதே நேரான எழுத்தில்:

‘பலகை எழுத்து மங்கல். அளப்பவர் தவறு. பேச்சும் தவறு.’

அவள் அந்த அடித்தலைத் தொட்டாள். ஒன்பது வருடத்தில் முதல் அடித்தல்.

“பேச்சும் தவறுன்னு... இதையெல்லாமா எழுதுவாங்க? உங்க மேலதிகாரி பார்த்தா?”

“பார்க்கட்டும். நடந்ததைத்தான் எழுதணும்.”

வெளியே வண்டியின் கதவு திறந்து மூடியது. அப்பா ஏறிவிட்டார்.

அவன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். எண்ணைச் சொல்லும்போது ஒருநாளும் தடுமாறாதவன் இப்போது இரண்டு முறை தொடங்கி இரண்டு முறை நிறுத்தினான்.

“நான் சட்டுனு பேசற ஆள் இல்ல. யோசிச்சு, நாலு மாசம் கழிச்சுத்தான் சொல்லியிருப்பேன். ஆனா நீங்க போனா நான் பின்னாடி வர முடியாது. நாளைக்கு எட்டரைக்கு நான் இங்க இருக்கணும். மறுநாளும் இருக்கணும். உங்களைத் தேடி எந்த ஊருக்கும் என்னால வர முடியாது... அதான் இப்பவே சொல்றேன். இந்த நாலு நாளும் மழை நிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். வேலையில சேர்ந்ததுலேருந்து அப்படி ஒரு நாளும் வேண்டினது இல்ல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

அவள் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு வராது என்று தெரியும். பென்சில்களைப் பார்த்தாள். ஒன்று மட்டும் வரிசை தப்பி நின்றது. அதை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தாள்.

பிறகு வெளியே நடந்தாள்.

வேலியருகே அவன் அவளைத் தொடர்ந்து வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. வண்டியின் முன்னிருக்கையில் அப்பா வேண்டுமென்றே மலையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு பக்கம் திரும்பினால்தான் அவருக்கு நன்றாகத் தெரியும். அது அவளுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

“மேல் ஏரிக்குப் போக ரெண்டு நாள்” என்றாள். சத்தம் வரவில்லை. இன்னொரு முறை சொன்னாள். “அங்க ஒரு வாரம். அப்பா பார்க்கற வரைக்கும் பார்க்கட்டும். திரும்பி வர ரெண்டு நாள். பன்னிரண்டாவது நாள் காலையில எட்டரைக்கு நான் இந்த வேலிக்கு வெளியில நிப்பேன். நீங்க தேடி வர வேண்டாம். இருக்கற இடத்துல இருங்க.”

“வருவீங்களா?”

“எங்கப்பா முப்பத்திரண்டு வருஷம் நேரம் தவறாம வண்டி ஓட்டினவரு. இப்போ ஓட்டறது நான்.”

அவன் வாய் திறந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் கண்ணை அவன் கண் மட்டத்துக்கு ஏற்றினாள். மேலும் இல்லை... கீழும் இல்லை.

“எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. எழுதிக்கலாம்... இது குக்கர்ல அளந்தது இல்ல.”